சனிக்கிழமை மஞ்சள்

அன்று வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

அம்மா. அடுப்புப் பக்கம் உட்கார்ந்து கப்பைக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

அப்பா. கடவில், படகுத்துறையில், மூட்டை சுமக்கிறவர். மழையால் வள்ளம் வரவில்லை. வேலை இல்லை. நிலைப்படியில் குந்தி பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

சித்தி. அம்மாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். தலை வாரிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வீட்டு உம்மா. அடுப்புப் பற்றவைக்கக் கங்கு வாங்க வந்தவள். சிரட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே பேசிக்கொண்டிருந்தாள்.

தம்பி. மூன்று வயது நிறையவில்லை.

நான். அவனுக்கு அக்கா.

இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் அவன் விழுந்தான். ஓடி விழவில்லை. உட்கார்ந்த இடத்தில் அப்படியே சாய்ந்தான். கையும் காலும் வெட்டி இழுத்தன. கண் மேலே போய்விட்டது. வாயில் நுரை வந்தது. நுரை மஞ்சளாக இருந்தது. எல்லோரும்தான் பார்த்தோம். அம்மா அப்போதுதான் அவனுக்கு மஞ்சள் உருண்டை கொடுத்திருந்தாள். அதனால் நுரையின் நிறத்தைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

"படச்சோனே! குட்டியைப் பிடி, நாக்கைக் கடிச்சிடப் போறான்!" என்று உம்மா கத்தினாள். சிரட்டை அவள் கையிலிருந்து விழுந்து கங்கு தரையில் சிதறியது. அப்பா வெறுங்காலால் கங்கை மிதித்துக்கொண்டு உள்ளே வந்தார். சுட்டது அவருக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் இழுப்பு நின்றது. தம்பி தூங்குகிற மாதிரி கிடந்தான். அம்மா மஞ்சளைக் குழைத்து அவன் நெற்றியில் பூசினாள். உள்ளங்காலில் பூசினாள். நாக்கிலும் ஒரு துளி வைத்தாள்.

நம் வயதில் இருக்கிறவர்களுக்கு அந்த மட்டாஞ்சேரி ஞாபகம் இருக்கும். பஜார் ரோட்டில் நடந்தால் ஒரு கடைக்குச் சுக்கு வாசம், அடுத்த கடைக்கு மிளகு, அதற்கு அடுத்தது மஞ்சள். கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் எந்த இடம் என்று சொல்லிவிடலாம். எங்கள் வரிசை பஜாருக்குப் பின்பக்கம், தோடு என்கிற கால்வாயை ஒட்டி இருந்தது. பாதிக்கு மேல் தமிழ்க் குடும்பங்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். ஆண்கள் மூட்டைச் சுமடு, பெண்கள் பாண்டிகசாலை. சரக்கு அடைத்து வைக்கிற கிட்டங்கியை அங்கே அப்படித்தான் சொல்வோம்.

அம்மா வேலை செய்தது மஞ்சள் பாண்டிகசாலை. கிழங்கு வரும்போது அழுக்காக, வேரும் மண்ணுமாக இருக்கும். மரப் பீப்பாய்க்குள் போட்டு இரண்டு ஆள் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றுவார்கள். கிழங்கோடு கிழங்கு உரசித் தோல் போகும். அந்தச் சத்தம் நாள் முழுக்க இருக்கும். கடகடவென்று ஓட்டின் மேல் கல் உருளுகிற மாதிரி. முதல் பீப்பாயில் மண் போகும். இரண்டாவதில் தோல் போகும். கடைசிப் பீப்பாயில்தான் மெருகு. கிழங்கின் மேல் தண்ணீர் தெளிப்பார்கள். தகர டப்பாவிலிருந்து ஒரு பொடியை எடுத்துத் தூவுவார்கள். மறுபடி சுற்றுவார்கள். வெளியே வரும்போது கிழங்கு பளபளவென்று இருக்கும். கண் கூசும்.

அந்தப் பொடிக்கு மெருகுப் பொடி என்றுதான் பேர். ஒளிவு மறைவு ஒன்றும் கிடையாது. டப்பா சுவர் ஓரத்தில்தான் இருக்கும். கப்பலில் போகிற சரக்கு மங்கலாக இருந்தால் வாங்க மாட்டார்கள் என்று மேஸ்திரி சொல்வார். மஞ்சளுக்கு மஞ்சள் பூசுகிறார்கள், அதிலே என்ன என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

சனிக்கிழமை சாயங்காலம் தரை கூட்டுவார்கள். கூட்டி எடுத்த தூசியைப் பெண்கள் வீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம். அது அங்கே வழக்கம். ஆனால் யாருக்கு எந்தப் பீப்பாயின் தூசி என்பதற்கு முறை இருந்தது. புதிதாக வந்தவளுக்கு முதல் பீப்பாய். அதில் பாதி மண். வாசல் தெளிக்கத்தான் ஆகும். கடைசிப் பீப்பாயின் தூசி மூத்தவளுக்கு. அம்மாதான் மூத்தவள்.

அந்தத் தூசியை அவள் முந்தானையில் முடிந்துகொண்டு வருவாள். வீட்டில் வெள்ளைத் துணியில் சலிப்பாள். துணி என்றைக்கும் வெள்ளையாகவில்லை. சலித்த பொடி சூரியகாந்திப் பூ மாதிரி இருக்கும். எங்கள் வீட்டுக் கப்பையின் நிறமும் மத்திக் குழம்பின் நிறமும் வரிசையில் வேறு எந்த வீட்டுக்கும் வராது.

"உன் கைக்கு என்னடி அப்படி ஒரு நெறம்?" என்று தையல்காரர் பெண்டாட்டி கேட்பாள்.

"கைக்கு இல்லக்கா. கடைசிப் பீப்பா," என்பாள் அம்மா. அதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். வேறு எதற்கும் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

தம்பிக்கு அதற்கு முன்னாலேயே வயிற்று வலி. மாதக் கணக்காக இருந்தது. சாப்பிட்டால் வலி, சாப்பிடாவிட்டால் வலி. வெளிக்குப் போகாது. முகம் வெளுத்துப் போயிற்று. எதற்கெடுத்தாலும் அழுகை. வயிற்றில் பூச்சி என்றாள் அம்மா. பூச்சிக்கு மஞ்சளும் வெல்லமும். கொட்டைப்பாக்கு அளவுக்கு உருட்டிக் காலையில் வெறும் வயிற்றில் ஒன்று கொடுப்பாள். வலி நிற்கவில்லை. சாயங்காலமும் ஒன்று சேர்த்துக் கொடுத்தாள். அதற்கும் நிற்கவில்லை. உருண்டையைப் பெரிதாக்கினாள்.

எனக்கும் வயிறு வலிக்கும். அம்மாவுக்குக் கை மணிக்கட்டு வலிக்கும். பீப்பாய் வேலை, அப்படித்தான் இருக்கும் என்பாள்.

இழுப்பு வந்த பிறகு நாட்டு வைத்தியரிடம் போனோம். உள்கரப்பன், அதனால்தான் இழுப்பு என்றார். எண்ணெய் கொடுத்தார். பள்ளிவாசலில் ஓதிய தண்ணீரை உம்மா வாங்கிக்கொண்டு வந்தாள். சித்தி மிளகாய் சுற்றிப் போட்டாள். அடுத்த வாரம் ஒரே நாளில் இரண்டு முறை இழுத்தது. அப்பா தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு போட்டு ஜெட்டிக்கு, படகுத் துறைக்கு, நடந்தார். அம்மாவும் நானும் பின்னால் ஓடினோம். காயலைத் தாண்டி எர்ணாகுளம் பெரிய ஆஸ்பத்திரி.

டாக்டர் இளவயசுக்காரர். மலையாளத்தில்தான் பேசினார். எனக்கு ஞாபகம் இருப்பது தமிழில் இருக்கிறது, அப்படியே எழுதுகிறேன். தம்பியின் உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தார். ஈறில் பல்லை ஒட்டி ஒரு கறுப்புக் கோடு. பென்சிலால் கீறிய மாதிரி. அதையே ரொம்ப நேரம் பார்த்தார்.

"பெயின்ட் அடிக்கிற வேலையா உனக்கு?" என்று அப்பாவைக் கேட்டார்.

"இல்லீங்க. சுமடு."

"பேட்டரி, அச்சாபீஸ், அந்த மாதிரி?"

"சுமடுதாங்க."

"பையன் சுவத்துச் சுண்ணாம்பு, பெயின்ட் எதையாவது சுரண்டித் தின்கிறானா?"

"எங்க வீட்ல சுவரு ஏதுங்க? தட்டிதான்."

டாக்டர் சிரிக்கவில்லை. ரத்தம் எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி அப்பாவைக் கூப்பிட்டார். பிள்ளையின் உடம்பில் ஈயம் ஏறியிருக்கிறது, அதுதான் விஷம், எங்கிருந்தோ வாய் வழியாகப் போகிறது என்றார். எதில் சமைக்கிறீர்கள் என்று கேட்டார்.

"பித்தளைல. உள்ள பூச்சு போட்டதுங்க," என்றாள் அம்மா.

"பூசுகிறவன் என்ன கலந்து பூசுகிறான் என்று யாருக்குத் தெரியும்? அதுவாக இருக்கலாம். அந்தப் பாத்திரத்தை நிறுத்து. மண்சட்டி போதும்."

அவர் சொன்னது தப்பில்லை. அவருக்குத் தெரிந்ததில் அதுதான் பக்கத்தில் இருந்தது.

அந்தப் பாத்திரங்கள் அம்மா தன் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தவை. ஒரு குண்டா, ஒரு போகணி, ஒரு சொம்பு. அப்பா வீட்டுக்கு வந்து மூன்றையும் சாக்கில் கட்டினார். சித்தி கேட்டாள், "பழைய பித்தளைக் கடையில போட்டாலாவது ஆகும்ல அத்தான்?"

"எவனாவது வாங்கிட்டுப் போய் அவன் புள்ளைக்குச் சோறு ஆக்குவான். வேண்டாம்."

திரும்பி ஆஸ்பத்திரிக்குப் போகும்போது போட்டு நடுக் காயலுக்கு வந்ததும் சாக்கைத் தண்ணீரில் விட்டார். நான் பக்கத்தில் நின்றேன். கூட இருந்தவர்கள் என்னமோ ஏதோ என்று பார்த்தார்கள். சாக்கு உடனே முழுகவில்லை. காற்று போகிற வரைக்கும் மிதந்தது. பிறகு போயிற்று.

தம்பி ஒரு மாதம் போல ஆஸ்பத்திரியில் கிடந்தான். அம்மா கட்டிலுக்குக் கீழே தரையில் படுத்துக்கொண்டாள். அங்கே ரொட்டியும் பாலும் கஞ்சியும் கொடுத்தார்கள். மெள்ள மெள்ளத் தேறினான். இழுப்பு நின்றது. எழுந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் போகும்போது, "அக்கா, போட்டுல போலாம்," என்பான். அந்த ஒரு மாதமும் அம்மா வேலைக்குப் போகவில்லை. அவள் இடத்தில் சித்தி போனாள். கடைசிப் பீப்பாயின் தூசி அக்காவுடையது என்று கேட்டு வாங்கி, சலித்து, பெரிய பிஸ்கட் டின்னில் நிறைத்து வைத்தாள்.

அம்மா ஆஸ்பத்திரியில் ஒரு நேர்ச்சை வைத்திருந்தாள். வரிசையின் கோடியில், தோட்டு ஓரத்தில் எங்கள் ஆட்கள் வைத்த அம்மன் கல் ஒன்று உண்டு. பிள்ளை பிழைத்து வந்தால் அவள் காலில் மஞ்சள் கொட்டி, எடுத்து வீட்டுக்கு வீடு பகிர்கிறேன் என்று வேண்டிக்கொண்டிருந்தாள்.

பிழைத்து வந்தான்.

அந்த வெள்ளிக்கிழமை டின்னில் இருந்த மஞ்சளை அம்மா அம்மன் காலில் கொட்டினாள். கல் தெரியவில்லை. மஞ்சள் குவியல்தான் தெரிந்தது. தம்பியைக் குவியலின் பக்கத்தில் நிறுத்திக் கும்பிடச் சொன்னாள். பிறகு அள்ளித் துணியில் பொட்டலம் கட்டினாள். நான் கூடை பிடித்தேன். வீடு வீடாகப் போனோம். எல்லோரும் இரண்டு கையையும் நீட்டி வாங்கினார்கள். செத்துப் பிழைத்த பிள்ளையின் மஞ்சள். கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

"எம் பேரனுக்கும் வயித்து வலிதான். இதையே குழைச்சுக் குடுக்கறேன்," என்றாள் சுக்குக் கடையில் வேலை செய்கிறவள்.

"குடுங்க. தெனம் குடுங்க," என்றாள் அம்மா.

உம்மா எங்கள் சாமியைக் கும்பிடுகிறவள் இல்லை. ஆனாலும் வாங்கிக்கொண்டாள். "மஞ்சளு மஞ்சளுதானே மோளே. குட்டி சுகமானானே, அது போதும்." மேஸ்திரி வீட்டுக்கும் கொடுத்தோம். அவர் பெண்டாட்டி வாங்கி மாடத்தில் வைத்தாள்.

வீட்டில் மண்சட்டியில் சமையல். அம்மா மறுபடி வேலைக்குப் போனாள். ஆஸ்பத்திரியில் பிள்ளை வெளுத்துப்போனான், ரத்தம் ஊறவேண்டும் என்று காலையும் மாலையும் உருண்டை. இந்தத் தடவை அம்மன் காலில் வைத்த மஞ்சள். தம்பிக்கு அது பிடிக்காது. வாயை இறுக மூடிக்கொள்வான். அம்மா மூக்கைப் பிடிப்பாள். மூச்சுக்கு வாய் திறக்கும். அப்போது போட்டுவிடுவாள். "எஞ் சாமி, முழுங்கிடு, நீ நல்லாருக்கணும்ல," என்று கெஞ்சிக்கொண்டேதான் போடுவாள்.

மழை விடும் முன்னாலேயே மறுபடி வயிற்று வலி வந்தது. நடக்கும்போது கால் பின்னியது. பிறகு நடக்கவே மாட்டேன் என்றான். வாந்தி எடுத்தான். ஒரு நாள் விடிந்து கண்ணைத் திறந்தவன் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. கண் திறந்திருந்தது, அவ்வளவுதான். உடனே இழுப்பு ஆரம்பித்தது. இந்தத் தடவை நிற்கவில்லை. விட்டு விட்டு இழுத்துக்கொண்டே இருந்தது.

முதல் போட்டில் போனோம். காயலில் காற்று. அம்மா தம்பியைப் புடவைக்குள் பொதிந்து வைத்திருந்தாள். அப்பா போட்டுக்காரரிடம், "சேட்டா, கொஞ்சம் வெரசா விடுங்க," என்றார். போட்டு போகிற வேகத்தில்தான் போயிற்று. அவர் மறுபடியும் மறுபடியும் அதையே சொன்னார்.

அதே டாக்டர். ஊசி போட்டார். கட்டிலில் கிடத்தினார்கள். அப்புறம் அப்பா பக்கம் திரும்பிக் கோபமாகக் கேட்டார்.

"பாத்திரத்தைத் தூக்கிப் போட்டீர்களா இல்லையா?"

"காயல்லயே போட்டேங்க. எம் மக பார்த்துச்சு."

"அப்படியென்றால் இது எங்கிருந்து வருகிறது? என்ன கொடுக்கிறீர்கள் இவனுக்கு?"

அம்மா கையைக் கூப்பினாள். "ஒண்ணும் கெட்டது குடுக்கலியே டாக்டரே. மஞ்சள்தான் குடுக்கறேன். காலைலயும் சாயங்காலமும்."

டாக்டர் அவள் கூப்பிய கையைப் பார்த்தார். உள்ளங்கை, நகக்கண், ரேகை எல்லாம் மஞ்சள். அவர் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். எந்தக் கம்பெனி, என்ன வேலை என்று கேட்டார். அம்மா சொன்னாள். பீப்பாயைச் சொன்னாள். மெருகைச் சொன்னாள். தகர டப்பாவைச் சொன்னாள். சொல்லும்போது அவள் குரலில் பயம் ஒன்றும் இல்லை. வேலையைப் பற்றிக் கேட்டால் சொல்கிறமாதிரிதான் சொன்னாள்.

"அந்த மஞ்சள் இருக்கிறதா?"

முந்தானையில் இருந்தது. அம்மன் மஞ்சளை அவள் எப்போதும் முடிந்து வைத்திருந்தாள். அவிழ்த்துக் கொடுத்தாள். டாக்டர் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அதில் கொஞ்சம் போட்டுக் கலக்கினார். ஜன்னலில் வைத்தார். நாங்கள் எல்லோரும் பார்த்தோம். மேலே தண்ணீர் கலங்கல் மஞ்சளாக நின்றது. அடியில் கனமாக ஒன்று இறங்கிப் படிந்தது. அது வேறு மஞ்சள். பளிச்சென்று இருந்தது.

"மேலே இருப்பது மஞ்சள். கீழே இருப்பது சாயம். ஈயத்தில் செய்கிற சாயம். கதவுக்கும் வண்டிக்கும் அடிக்கிற மஞ்சள் பெயின்டில் போடுவது இதுதான். பரிசோதனைக்கு அனுப்புகிறேன். ஆனால் எனக்குச் சந்தேகம் இல்லை."

அம்மா தம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மஞ்சள் விஷமாகுமா டாக்டரே?" என்றாள்.

"மஞ்சள் இல்லை அம்மா. மேலே பூசுவது."

"நான் நல்லதுன்னு தானே…"

அப்பா, "மருந்து இருக்குங்களா?" என்று கேட்டார். ஒரு மருந்து உண்டு, இங்கே இல்லை, மதராசிலிருந்து வரவேண்டும், தந்தி கொடுக்கிறேன் என்றார் டாக்டர். அது வரும் வரைக்கும் என்று கேட்டதற்கு அவர் குனிந்து தம்பியின் இமையைத் தூக்கிப் பார்த்தார்.

அம்மா தம்பியின் காலைத் தொட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு திடீரென்று விழித்துக்கொண்ட மாதிரி முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"வரிசை பூரா குடுத்திருக்கேனே," என்றாள்.

அப்பாவுக்குப் புரியவில்லை. "எங்க போற? புள்ள இப்படிக் கெடக்கான்."

"தெனம் குடுங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். அங்கயும் புள்ளைங்க இருக்கு."

"நான் போறேன். நீ இரு."

"ஒங்களுக்கு எந்த வீடுன்னு தெரியாது. ஆம்பளைக்கு யாரும் அடுக்களையத் தொறந்து காட்ட மாட்டாங்க. நீங்க இருங்க. நான் அடுத்த போட்டுல வந்துடுவேன்." என்னைப் பார்த்தாள். "ஏட்டி, வா. கூடை புடிச்சவ நீதான்."

பிள்ளை சாகக் கிடக்கும்போது எழுந்து போன தாய் என்று பின்னால் வரிசையில் சொன்னார்கள். அப்பாவும் ஒரு முறை சொன்னார்.

மழையில் வந்து இறங்கினோம். வீட்டில் கூடையை எடுத்துக்கொண்டு நேராக உம்மா வீடு. அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே மஞ்சளைத் திருப்பிக் கேட்டாள். உம்மா உள்ளே போய்ப் பொட்டலத்தை எடுத்துவந்து கூடையில் வைத்தாள். "எடுத்தோ மோளே. எந்தா விஷயம்னு பின்ன சொன்னா போதும். குட்டி எங்ஙனே இருக்கான்?" அம்மா தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தாள்.

அடுத்தது தையல்காரர் வீடு.

"அக்கா, அன்னைக்குக் குடுத்த மஞ்சளைத் திருப்பிக் குடுங்க."

"எது? சாமி மஞ்சளா? குடுத்ததத் திருப்பிக் கேக்கறியா? ஏட்டி, உனக்குக் கிறுக்கா?"

"அதுல விஷம் இருக்குக்கா. டாக்டர் சொன்னாரு. புள்ளைக்கு அதுலதான் வந்துச்சு."

"மஞ்சள்ல விஷமாம்! கேளுங்கடி. நாளைக்கு உப்புல விஷம்பா." உள்ளே யாரோ சிரித்தார்கள். அம்மா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். காலைப் பிடித்தாள். "ஒங்க காலைப் புடிக்கறேன்க்கா. குடுத்துருங்க." அவள் பயந்துபோய், பொட்டலத்தைக் கொண்டுவந்து அம்மாவின் மடியில் எறிந்தாள். "கொண்டு போ! உன் கண்ணேறும் அதோட போகட்டும்."

சுக்குக் கடையில் வேலை செய்கிறவள் வீட்டில் பொட்டலம் காலி. பேரனுக்குக் கொடுத்துத் தீர்ந்துவிட்டது. பையன் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தான். அம்மா அவனைப் பிடித்து உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தாள். அவன் அலறினான். பாட்டி அம்மாவைப் பிடித்துத் தள்ளினாள். "எம் பேரன் மேல கை வைக்காத! அவனுக்கு இதுல சொகமாயிட்டு வருது!"

இன்னொரு வீட்டில் மகளுக்குப் பிரசவம் என்று வைப்பின் தீவுக்குக் கொடுத்தனுப்பிவிட்டார்கள். பிறந்த குழந்தையின் தொப்புளில் வைக்க. "வைப்பின்ல எங்க?" என்று அம்மா கேட்டாள். சொன்னார்கள். எனக்கு அந்த இடம் விளங்கவில்லை. அவளுக்கும் விளங்கியிருக்காது. இன்னொரு வீட்டில், அம்மன் கோபிப்பாள், திருப்பித் தரமாட்டோம் என்று கதவைச் சாத்தினார்கள். இன்னொரு வீட்டில் பூட்டு. இடக்கொச்சிக்குப் போயிருந்தார்கள். அம்மா பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

ஒரு கிறிஸ்தவ வீடு உண்டு, ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்குகிறவள். அவள் மட்டும், "டாக்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று கொடுத்தாள். பாதி செலவாகியிருந்தது.

இதற்குள் சேதி பாண்டிகசாலைக்குப் போய்விட்டது. மேஸ்திரி குடையோடு வந்தார். நடுத்தெருவில் நின்றார். வீட்டு வாசல்களில் எல்லாம் ஆட்கள்.

"என்னமோ விஷம் கிஷம்னு சொல்லிட்டு அலையறியாம்?"

"அந்த மெருகுப் பொடிதான் மேஸ்திரி. தம்ளர்ல போட்டுக் காட்டினாரு."

"வாய மூடு. இந்த வரிசையே அந்தப் பீப்பாய்லதான் சோறு திங்குது. மொதலாளி சேட்டு காதுக்குப் போச்சுன்னா பீப்பாய நிறுத்திட்டு வேற ஊருக்குப் போயிருவான். அப்புறம் என்ன திம்ப? இவங்கல்லாம் என்ன திம்பாங்க?"

அவர் சொன்னதுதான் பெண்களுக்குக் கேட்டது.

"உங்க வீட்டுக்கும் குடுத்திருக்கேன். அதையும் எடுக்கணும்," என்றாள் அம்மா. அவரைச் சுற்றிக்கொண்டு அவர் வீட்டுக்கே நடந்தாள். அவர் தடுக்கவில்லை, பின்னாலேயே வந்தார்.

மேஸ்திரி பெண்டாட்டி மாடத்திலிருந்து பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். முடிச்சு அம்மா போட்டபடியே இருந்தது. அவிழ்க்கவே இல்லை.

"எங்க வீட்ல இது சேக்கறதில்லக்கா," என்றாள். நல்ல பெண். கள்ளம் தெரியாது. "மெருகு வச்சது எதையும் அடுக்களைல விடக் கூடாதும்பாரு. மூட்டை வரும்போதே மெருகு வைக்காத கிழங்கா எடுத்துட்டு வந்துருவாரு. நான் இடிச்சுக்குவேன்."

அம்மா அந்த முடிச்சைப் பார்த்தாள். திரும்பி மேஸ்திரியைப் பார்த்தாள். அவர் குடையை மடக்கினார். மழை பெய்துகொண்டுதான் இருந்தது. மடக்கி, மறுபடி விரித்தார்.

அம்மா பொட்டலத்தைக் கூடையில் வைத்தாள். அடுத்த வீட்டுக்கு நடந்தாள். அங்கே ஏதோ கேட்டுக்கொண்டிருக்கும்போதுதான் வரிசையின் கோடியில் அப்பா வந்தார்.

தம்பியைத் தோளில் போட்டிருந்தார். துண்டால் போர்த்தியிருந்தார். தூங்குகிற பிள்ளையைத் தூக்கிவருகிற மாதிரி முதுகில் தட்டிக்கொண்டே வந்தார். தெரிந்தால் போட்டில் ஏற்றமாட்டார்கள் என்று ஜெட்டியிலிருந்தே அப்படித் தட்டிக்கொண்டு வந்திருக்கிறார். வீட்டு வாசல் வந்த பிறகும் அவர் கை நிற்கவில்லை. உம்மா போய் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

சின்னப் பிள்ளை, அன்றைக்கே எடுத்தாக வேண்டும். குளிப்பாட்டினார்கள். சித்தி வழக்கப்படி கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்தாள். அழுதுகொண்டே வந்தாள், யோசிக்கவில்லை. அம்மா கிண்ணத்தைத் தட்டிவிட்டாள். தரையெல்லாம் மஞ்சள்.

"இவனுக்கு வேண்டாம்," என்றாள்.

மஞ்சள் இல்லாமல்தான் கொண்டுபோனார்கள்.

அப்பாவும் ஆண்களும் போன பிறகு அம்மா எழுந்தாள். மறுபடி வெளியே கிளம்பினாள். ஈரப் புடவை. நான் கூடையைத் தூக்கிக்கொண்டேன். அவள் கேட்காத வீடுகள் இன்னும் இருந்தன. ஒவ்வொரு வாசலிலும் நின்றாள். துக்க வீட்டுக்காரி வந்து நிற்கிறாள் என்று சிலர் உள்ளே போய்விட்டார்கள். சிலர் அழுதார்கள். அழுதவர்களும் கொடுக்கவில்லை. செத்தவன் வீட்டுக்காரி கையில் சாமி மஞ்சளைத் திருப்பிக் கொடுக்கக் கூடாதாம். சாயங்காலம் வரைக்கும் கேட்டாள். பிறகு கையை மட்டும் நீட்டினாள்.

வீட்டுக்கு வந்து கூடையைக் கீழே வைத்தேன். அதை எங்கே கொட்டுவது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. தோட்டில் கொட்டினால் தோட்டில் மீன் இருக்கிறது. கூடையின் முன்னால் உட்கார்ந்தாள்.

"எத்தனை இருக்கு, எண்ணு," என்றாள்.

எண்ணினேன். கொடுத்தது பதினொரு வீடு. கூடையில் நாலு.